தெருவை முதலில் அளந்துவிடுங்கள்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை நான். 1987 முதல் கோட்டூர்புரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்குத் தெற்கே, காம்பவுண்டு சுவரை ஒட்டி, 15 கிரவுண்டில் பழைய மூன்று மாடிக் குடியிருப்பு. மொத்தம் 48 வீடுகள். அதை இடித்துவிட்டு கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்துக்கு மேல் 14 மாடி எழுப்பி 96 வீடு கட்டப் போகிறார்களாம். கீழே பேஸ்மெண்டும் உண்டாம். வெயில் போய்விடும், மாடியில் வடாம்கூடப் போட முடியாது என்று கவலையாக இருக்கிறது. தெருவோ குறுகல். 2015 வெள்ளத்தை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை. பக்கத்திலேயே அண்ணா பல்கலைக்கழகமும் ஐஐடியும் இருப்பதால் எல்லா வீட்டிலும் மாணவர்களைத்தான் வாடகைக்கு வைப்பார்கள், ராத்திரியெல்லாம் சத்தமாக இருக்கும் என்கிறார்கள். சங்கத்தில் சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள், சிலர் கேஸ் போடலாம் என்கிறார்கள். நாங்கள் இதைத் தடுக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தெருவின் பேரைப் பார்த்ததும் எனக்கும் மனசு ஒரு நிமிடம் அங்கே போய்விட்டது. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டடம் வருவதையே தடுப்பது பெரும்பாலும் முடியாது. எப்படி வருகிறது என்பதில் நீங்கள் நினைப்பதைவிட நிறையச் செய்ய முடியும். ஆனால் அதற்கான நேரம் குறைவு, இப்போதே தொடங்கினால்தான் உண்டு.

ஏன் தடுக்க முடியாது என்றால், நம் ஊரில் குடியிருப்புப் பகுதியில் குடியிருப்பு கட்டுவதற்கு அக்கம்பக்கத்தாரின் சம்மதம் தேவையில்லை. நிலத்தின் உபயோகத்தை மாற்றும்போதுதான், உதாரணமாகக் குடியிருப்பு மனையை வணிக மனையாக மாற்றும்போதுதான், பொதுமக்களின் ஆட்சேபனையைக் கேட்டு அறிவிப்பு தருகிறார்கள். விதிக்குள் அடங்கிய ஒரு கட்டடத்துக்கு அப்படி எந்தக் கட்டமும் கிடையாது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், சரி, ஆனால் கட்டடங்களுக்கு அதிலும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு இல்லை. நீதிமன்றத்துக்குப் போனாலும் “விதி எங்கே மீறப்பட்டிருக்கிறது” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். “எங்களுக்கு வேண்டாம்” என்று இருநூறு கையெழுத்து வைத்தாலும் அந்தக் கேள்விக்கு அது பதிலாகாது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒரு தெருவின் முகமே மாறப் போகும்போது அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குச் செய்தி வாய்வழியாகத்தான் வருகிறது என்பது நம் சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை. ஆனால் உங்கள் பிரச்சினையை இன்றைக்கு இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, 14 மாடிக்கு வருவோம். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். உங்கள் பக்கத்தில் வருவது ஏறத்தாழ 45 மீட்டர் இருக்கும். ஆகவே அதற்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் அனுமதி மட்டும் போதாது. தீயணைப்புத் துறை, போக்குவரத்துப் போலீஸ், விமான நிலைய ஆணையம் எல்லாரிடமும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். எவ்வளவு கட்டலாம் என்பதை முடிவு செய்வது எஃப்.எஸ்.ஐ. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்குதான் அது. சாதாரணக் கட்டடத்துக்கு 2 மடங்கு. உயரமான கட்டடத்துக்கு 18 மீட்டர் சாலை இருந்தால் 3.25 வரை போகலாம், சாலை குறுகினால் அதுவும் குறையும். அதற்கு மேல் அரசுக்குப் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று ஒன்று இருக்கிறது. அதுவும் சாலையைப் பொறுத்ததுதான். 18 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 50 சதவீதம் கூடுதல், 12 முதல் 18 வரை 40, 9 முதல் 12 வரை 30.

கவனித்தீர்களா? எல்லாமே சாலையின் அகலத்தில் போய் நிற்கிறது. உங்கள் கடிதத்தில் வெயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், தெருவைப் பற்றி “குறுகல்” என்று ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவான துருப்பு. ஆனால் அது வார்த்தையாக இருக்கக் கூடாது, மீட்டரில் இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டிகள் குறைவாக இருக்கும்போது, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு 30 மீட்டர் டேப்போடு இறங்குங்கள். மனைக்கு எதிரே ஒரு இடத்தில் அளந்தால் போதாது. பெரிய சாலை தொடங்கும் முனையிலிருந்து மனை வரைக்கும் பத்துப் பதினைந்து இடங்களில் ஒரு பக்கத்துக் காம்பவுண்டு சுவரிலிருந்து எதிர்ப் பக்கத்துச் சுவர் வரை அளவு எடுங்கள். டிரான்ஸ்பார்மர் நிற்கும் இடம், யாரோ கேட்டுக்கு முன்னால் போட்ட சாய்தளம், தெருவுக்குள் நீட்டிக்கொண்டு வந்த மதில் எல்லாவற்றையும் படம் எடுத்து, எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே என்று குறித்துவையுங்கள். 40 அடித் தெரு என்று பத்திரத்தில் இருக்கும், நடுவில் ஒரு இடத்தில் 31 அடிதான் தேறும். கட்டுபவர் தன் மனைக்கு முன்னால் ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுத்துத் தெருவை அகலமாகக் காட்டலாம். அது அவர் வாசலுக்கு மட்டும்தான் அகலம். தீயணைப்பு வண்டி வானத்திலிருந்து அந்த வாசலில் இறங்குவதில்லை, தெரு முனையிலிருந்துதான் திரும்பி வர வேண்டும்.

தென்சென்னையில் ஒரு தெருவில் இதே மாதிரி ஒரு சங்கத்துக்கு நான் உதவப் போயிருந்தேன். நான் போய்ச் சேரும்போது ஒரு வருஷமாக “பத்து மாடி வேண்டாம், ஆறு மாடி போதும்” என்று மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் தெருவை அளக்கவில்லை. அனுமதி கிடைத்து அஸ்திவாரம் தோண்டிய பிறகுதான் அளந்தார்கள். ஒரு இடத்தில் ஏறக்குறைய ஏழு அடி குறைவாக இருந்தது. அதை எழுதிக் கொடுத்தபோது, இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்த அதிகாரி கேட்டார். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். அந்த வருஷம் வீணாகப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது வெயில். இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம், ஏனென்றால் இதில் பாதி பயம் தேவையில்லாதது, மீதிப் பாதி நீங்கள் நினைத்ததைவிட நிஜமானது.

சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை நடுவில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆவணி தொடங்கும் வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அதாவது நீங்கள் வடாம் போடுகிற பங்குனி, சித்திரையில் தெற்கே இருக்கும் 45 மீட்டர் கட்டடத்தின் நண்பகல் நிழல் உங்கள் மாடியைத் தொடாது. வடாமுக்கு ஆபத்து இல்லை அம்மா.

மார்கழியில் கதையே வேறு. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 53 பாகை உயரத்தில்தான் இருக்கும். 45 மீட்டர் கட்டடத்தின் நிழல் வடக்கே 33 மீட்டர் போகும். சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் கட்டினாலும் மிச்சம் 23 மீட்டர் உங்கள் பக்கம். வீடு முழுக்க அதற்குள் அடங்கிவிடும். கட்டடம் ஏறக்குறைய 38 மீட்டர் அகலம் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். காலை ஒன்பதரை மணிவாக்கில் நிழல் ஏறினால் இரண்டரை வரைக்கும் இறங்காது. ஐப்பசிப் பாதியிலிருந்து மாசி வரை கூடக்குறைய இந்தத் தொந்தரவு இருக்கும். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெந்நீர் வேண்டிய மாதங்களில்தான் அது படுத்துவிடும். மழைக்கு அப்புறம் சுவர் காய வேண்டிய மாதங்களும் அவைதான்.

ஆகவே “வெயில் போய்விடும்” என்று பொதுவாக எழுதாதீர்கள். டிசம்பர் 21 காலை 9, 12, மாலை 3 மணி, பிறகு மார்ச் 21க்கும் அதே மூன்று நேரம் என்று நிழல் வரைபடம் கேளுங்கள். எந்த ஆர்க்கிடெக்ட் அலுவலகத்திலும் கம்ப்யூட்டரில் அரை மணி நேர வேலை. அதைப் பார்த்துவிட்டு, கட்டடத்தைத் தெற்கே தெருப் பக்கம் எவ்வளவு நகர்த்த முடியும், வடக்குப் பக்கம் மேல்மாடிகளைப் படியாகக் குறைக்க முடியுமா என்று பேசலாம். ஐந்து மீட்டர் நகர்ந்தாலே உங்கள் மாடியில் அது தெரியும்.

இங்கே ஒரு விஷயம். உயரத்தையே எதிரியாக நினைக்காதீர்கள். 2019 விதிகளில் உயரமான கட்டடத்துக்கு 30 மீட்டர் வரை நாலா பக்கமும் 7 மீட்டர் விட வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும், 6க்குக் குறைந்த மிச்சத்துக்கும், ஒரு மீட்டர் கூட. 45 மீட்டருக்கு 10 மீட்டர் வந்துவிடும். அதையே 18.30 மீட்டருக்குள் அடக்கிக் கட்டினால் விட வேண்டிய இடமும் குறைவு, மனை முழுக்கப் பரந்து உங்கள் சுவருக்கு இன்னும் நெருக்கமாக வந்து நிற்கும். மாடி குறைந்த சந்தோஷத்தில் மண்தரை முழுவதையும் இழந்துவிட்ட மனைகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தேர்வு கொடுத்தால் மேலே இரண்டு மாடி கூடினாலும் பரவாயில்லை, கீழே மண் மிஞ்சட்டும் என்பேன். அடையாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்ல முடியாது.

2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். அடுத்த நாள் கோட்டூர்புரத்தில் தரைத்தளங்களே தெரியவில்லை, படகில் போய் ஆட்களை இறக்கினார்கள். நீங்கள் அதை நேரில் பார்த்தவர். இந்த ஊரில் பேஸ்மெண்ட் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அந்த நாள்தான் ஞாபகம் வரும். ஆகவே இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்று, மனையின் தரைமட்டம். புதுக் கட்டடம் கட்டுபவர்கள் வெள்ளத்துக்குப் பயந்து மனையையே மூன்று நான்கு அடி மண் கொட்டி உயர்த்துவார்கள். அவர்களுக்கு அது பாதுகாப்பு. அந்த மனை முன்பு குடித்த தண்ணீர் அத்தனையும் உங்கள் வீட்டுக்கு வரும். கட்டடத்தைத் தூணில் உயர்த்தட்டும், மண்ணை உயர்த்தக் கூடாது என்பது உங்கள் கோரிக்கையாக இருக்கட்டும். இப்போதைய தரைமட்டத்தை உங்கள் காம்பவுண்டு சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, பக்கத்தில் ஒரு ஆளை நிற்கவைத்துப் படம் எடுத்துவையுங்கள். நாளைக்குப் பேச்சு வந்தால் அந்தக் கோடு பேசும்.

இரண்டு, பேஸ்மெண்ட் தோண்டும்போது இறைக்கும் நிலத்தடி நீர். ஆற்றங்கரை மண்ணில் ஆழமாகத் தோண்டினால் ஊற்று வரும், இராப்பகலாகப் பம்ப் ஓடும். உங்கள் கிணறு வற்றலாம், அதைவிட முக்கியமாக, தண்ணீர் இறங்கிய மண் அமிழ்ந்து சுவர் விரிசல் விடலாம். வேலை தொடங்குவதற்கு முன்பே வீட்டின் உள்ளும் புறமும் எல்லாச் சுவரையும் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசல்களின் மேல் குறுக்காக ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சிமெண்டு வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசல் ஒரு நூல் அகன்றாலும் கண்ணாடி உடைந்துவிடும். பழைய ஓவர்சியர்கள் செய்கிற வேலை இது, செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. கிணற்றுக்கு ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு வாரம் ஒரு தடவை அளவு எழுதிவையுங்கள். “பழைய வீடு, முன்பே விரிசல் இருந்தது” என்று பிறகு யாரும் உங்களிடம் சொல்ல முடியாது. மண் பரிசோதனை அறிக்கையும் தோண்டும் பள்ளத்துக்குத் தாங்குசுவர் வரைபடமும் கேளுங்கள். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்து 61 பேர் இறந்துபோனார்கள். மண்ணையும் அஸ்திவாரத்தையும் பற்றிக் கேள்வி கேட்பது யாரையும் அவமானப்படுத்துவது ஆகாது.

கழிவுநீரைப் பற்றி உங்கள் கடிதத்தில் இல்லை, நான் சேர்த்துக்கொள்கிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நாங்கள் போடுகிற கணக்கு. 96 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் சுமார் 52,000 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பி உங்கள் தெருச் சாக்கடைக் குழாய்க்கு வரும். மழைக்காலத்தில் உங்கள் தெரு மேன்ஹோல் இப்போதே பொங்குகிறதா? பொங்கினால் அடுத்த முறை பொங்கும்போது படம் எடுத்து, குடிநீர் வாரியத்தில் புகார் கொடுத்து எண் வாங்கி வையுங்கள். அந்தப் புகார் எண்கள்தான் நாளைக்குப் பெரிய குழாய் கேட்பதற்கு ஆதாரம்.

இன்னொன்று. 15 கிரவுண்டு என்றால் சுமார் 3,345 சதுர மீட்டர். 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகப் பொதுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 10,000க்குக் கீழே இருந்தால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி உண்டு. பெரும்பாலும் பணம்தான் கட்டுவார்கள். பழைய மனைப்பிரிவில் ஏற்கெனவே திறந்தவெளி ஒதுக்கியிருந்தால் விலக்கும் கேட்பார்கள், அந்த மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். விலக்கு இல்லையென்றால் பணம் வேண்டாம், நிலமாகவே வேண்டும் என்று மாநகராட்சிக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் சங்கத்தின் பேரில் எழுதுங்கள். ஒன்றரை கிரவுண்டு மண் அது. நாலு மரமும் ஒரு பள்ளமும் இருந்தால் மழைத் தண்ணீர் நின்று இறங்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குப்பைமேடாகக் கிடந்த இடத்தைக் காடாக வளர்த்த ஊர் உங்களுடையது. ஒன்றரை கிரவுண்டை வைத்து என்ன செய்யலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, கடிதத்தில் என்னைக் கொஞ்சம் சங்கடப்படுத்திய பகுதி. மாணவர்கள்.

1980களில் கிண்டியில் படித்தபோது எனக்கு ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. உங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் இரண்டு பேர் தங்கினோம். அந்த வீட்டுப் பாட்டி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கேட் பூட்டிவிடுவார். டிராயிங் முடிக்க விடிய விடிய லைட் எரிந்தால் கரண்ட் பில் ஏறுகிறது என்று திட்டுவார். பரீட்சை நாள் காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு படியேறியும் வருவார். உங்கள் தெருப் பேரைப் பார்த்ததும் மனசு போன இடம் அந்தப் படிக்கட்டுதான். நான் நகரமைப்பு படித்து இன்று உங்களுக்கு இந்தப் பதிலை எழுதுவதற்கு அந்த அறையும் ஒரு காரணம்.

1794இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியும், 1959இல் வந்த ஐஐடியும், 2010இல் திறந்த நூற்றாண்டு நூலகமும் இருக்கிற இடம் உங்கள் பகுதி. மாணவர்கள் அங்கே வாழத்தான் வருவார்கள். பக்கத்தில் வீடு இல்லையென்றால் தாம்பரத்திலும் ஆவடியிலும் அறை எடுத்து, நாளைக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் ரயிலிலும் போவார்கள். பறக்கும் ரயில் நிலையம் நடை தூரத்தில் இருக்கிற கோட்டூர்புரம் மாதிரி இடத்தில்தான் கூடுதல் வீடுகள் வர வேண்டும் என்று ஒரு நகரமைப்பாளனாக நான் நம்புகிறேன். இதை உங்களிடம் மறைத்துவிட்டு ஆலோசனை சொல்வது சரியாக இருக்காது.

சத்தத்தை வைத்து வழக்காடினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பீப்பிள்ஸ் பார்க் என்ற இடத்தில் சுமார் 1,100 மாணவர்களுக்கு விடுதி கட்டப் போனது. மாணவர்கள் போடும் சத்தமும் சுற்றுச்சூழல் பாதிப்புதான், அதை ஆராயவில்லை என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. அதே வருஷம் மாநிலச் சட்டமன்றம், குடியிருப்பவர்கள் எழுப்பும் சத்தத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சட்டத்தையே மாற்றியது. 2024 ஜூனில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மனிதர்களையே மாசு என்று சொல்கிற வாதம் ஒரு நாள் ஜெயித்தாலும் நிற்பதில்லை. உங்கள் மனுவில் “பேச்சிலர்கள்”, “வெளியாட்கள்” என்ற சொற்கள் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரி, தெருவைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் நீங்கள் எழுதிய நியாயமான பத்து வரிகளையும் கெடுத்துவிடும். ராத்திரி சத்தம் வந்தால் அதற்குப் போலீஸ் இருக்கிறது, குடியிருப்புச் சங்கம் இருக்கிறது. கட்டட அனுமதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது, யாரிடம் போவது? எல்லாரும் சி.எம்.டி.ஏ. வாசலுக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். நான் உங்களைப் பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறேன்.

அந்த 48 குடும்பங்கள்தான் நிலத்தின் சொந்தக்காரர்கள். நாற்பது வருஷக் கட்டடம், சன்ஷேடிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து துருப்பிடித்த கம்பி தெரியும், லிஃப்ட் இருக்காது, மூன்றாவது மாடியில் முழங்கால் வலியோடு உங்கள் வயசுக்காரர் யாராவது இருப்பார். அவர்களுக்கு இது பேராசை இல்லை, தேவை. 2022இல் இயற்றி 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம். ஆகவே உள்ளேயிருந்து ஒருவர் தடுப்பார் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் அவர்கள் கட்டுபவரோடு போடும் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பு, அவர்களுக்கு இருக்கிற பலம் வேறு யாருக்கும் இல்லை. மனையை மண் கொட்டி உயர்த்தக் கூடாது, திறந்தவெளியை நிலமாகவே கொடுக்க வேண்டும், பக்கத்து வீடுகளின் விரிசலுக்குக் கட்டுபவர் பொறுப்பு, காலை ஏழுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் வேலை கூடாது, லாரி பள்ளி விடும் நேரத்தில் வரக் கூடாது. இவை எல்லாம் ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாக ஏறிவிடும், அவர்கள் கேட்டால். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்கப் போவது அவர்களுடைய பேஸ்மெண்டுதானே. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறீர்கள், அவர்களில் சிலரின் பிள்ளைகள் உங்களிடம் படித்துமிருப்பார்கள். எதிர்ப்பு மனுவோடு போகாமல் ஒரு சாயங்காலம் நீங்களே போய் உட்கார்ந்து பேசுங்கள்.

அது நடக்கும்போதே, சங்கத்தின் பேரில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி சி.எம்.டி.ஏ.வின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அந்த முகவரிக்குத் திட்ட அனுமதி விண்ணப்பம் வந்திருக்கிறதா, விண்ணப்ப எண் என்ன, சாலை அகலம் எவ்வளவு என்று காட்டியிருக்கிறார்கள், பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கேட்டிருக்கிறார்களா, எந்தெந்தத் துறையின் தடையில்லாச் சான்று வந்திருக்கிறது என்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். “முழு விவரம் தருக” என்று எழுதினால் ஒன்றும் வராது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அவர்கள் காட்டிய அகலமும் நீங்கள் அளந்த அகலமும் ஒத்துப்போகவில்லை என்றால், அளவுப் பட்டியலையும் படங்களையும் வைத்து சி.எம்.டி.ஏ. உறுப்பினர் செயலருக்கும் தீயணைப்புத் துறைக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் ஒரே நாளில் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வழக்குப் போடும் நிலை வந்தால் அந்த மூன்று ஒப்புகைச் சீட்டுகளை வைத்துத்தான் வழக்கறிஞர் தொடங்குவார்.

அனுமதி கிடைத்துவிட்டாலும் கைவிட்டுவிடாதீர்கள். எட்டு வீட்டுக்கு மேல் என்பதால் இந்தத் திட்டம் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். பதிவானதும் அனுமதி பெற்ற வரைபடம் அந்தத் தளத்திலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, கட்டடம் எழும்பும்போது வடக்குப் பக்கம் விட்ட இடத்தை அளந்து பாருங்கள். முடிவில் கட்டட நிறைவுச் சான்று வாங்காமல் நிரந்தர மின் இணைப்போ குடிநீர் இணைப்போ கிடையாது. வரைபடத்துக்கு மாறாக ஒரு மீட்டர் குறைந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டிய கடைசி இடம் அதுதான்.

சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்குமானது. அடுத்த இருபது வருஷத்துக்கான மூன்றாவது பிளானில், எந்தத் தெருவில் எவ்வளவு உயரம், ஆற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் பேஸ்மெண்ட் கூடாது என்றெல்லாம் கேட்க உங்கள் சங்கத்துக்கு உரிமை இருக்கிறது. உங்கள் பக்கத்து மனைக்கு அது உதவாமல் போகலாம், அடுத்த தெருவுக்கு உதவும்.

அளவு எடுத்ததும் எனக்கு எழுதுங்கள். தெரு முனையில் எவ்வளவு, நடுவில் இருப்பதிலேயே குறுகலான இடத்தில் எவ்வளவு, மனைக்கு எதிரே எவ்வளவு என்ற மூன்று எண்கள் போதும். மனுவை எப்படி எழுதுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நகரமைப்பு ஆலோசகர்